கூடம் கோணலாகத்தான் இருந்தது: ஒரு தோட்டத்து மரியோ போட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

நுவரெலியா மாவட்டத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தைப்பொங்கலை ஒட்டி நாங்கள் நடத்திய டிவி கேம் போட்டி பற்றிய பதிவு இது. தோட்டத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர் எதையும் எழுதவில்லை. சின்ன இடம், எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யார் தும்மினாலும் மற்ற லயத்துக்குக் கேட்கும். நான் பக்கத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். போட்டியன்று ஸ்டொப்வொட்ச் என் கையில்தான் இருந்தது, முறைப்பாடு வந்தபோது அதைத் தட்டிக்கழித்தவனும் நான்தான். அதனால் இதில் வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு இடமில்லை. வேறு தோட்டங்களிலும் இப்போது பழைய டிவி கேம் போட்டி வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால் எழுதி வைக்கிறேன்.

பின்னணி

எங்கள் இளைஞர் மன்றம் ஒவ்வொரு பொங்கலுக்கும் கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், தேங்காய் துருவல் என்று வழக்கமானதை வைக்கும். முந்திய வருடம் மழை பெய்து மைதானம் சேறாகி, கயிறிழுத்தல் முடிந்தபோது இரண்டு பக்கத்து ஆட்களையும் அடையாளம் தெரியவில்லை. அதனால் இந்த முறை சனசமூக நிலையத்துக்குள்ளேயே நடத்தக்கூடிய ஏதாவது ஒன்றும் இருக்கட்டும் என்று பேச்சு வந்தது. அப்போதுதான் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்யும் ஒருவர், தன் வீட்டு அட்டலில் கிடந்த டிவி கேம் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். சிவப்பும் வெள்ளையுமான பெட்டி, மஞ்சள் கேசட். கேசட்டின் மேல் 9999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே வேறு வேறு கேம் பத்துப் பன்னிரண்டு தேறினால் பெரிது, மீதியெல்லாம் அதே கேம் திரும்பத் திரும்ப. என் வயதில் இருக்கிற யாருக்கும் அந்தப் பெட்டி தெரிந்திருக்கும். முதலாவது கேம் சூப்பர் மரியோ பிரதர்ஸ்.

ஒரு பெட்டி போதாது என்று மன்றத் தலைவர் நினைத்தார். கொழும்பில் வேலை செய்து பொங்கலுக்கு வந்திருந்த ஒரு தம்பி, டிவியின் பின்னால் செருகுகிற குச்சி மாதிரியான புதிய கேம் கருவி ஒன்றை வைத்திருந்தார். அதில் பழைய கேம்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன, மரியோவும் இருந்தது. சரி, இரண்டு மேசை போடுவோம், பாதிப் பிள்ளைகள் பெட்டியில், பாதிப் பிள்ளைகள் குச்சியில், சீட்டுக் குலுக்கிப் பிரிப்போம், நேரம் மிச்சம் என்று முடிவானது. பெட்டிக்கு 14 அங்குலப் பழைய குண்டு டிவி, குச்சிக்குத் தட்டை டிவி. (இரண்டுமே கம்பனி அனுமதியோடு வந்த சரக்கு அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். மலைநாட்டில் இந்த கேமை ஆடி வளர்ந்த யாரும் அசல் பெட்டியைக் கண்ணால் கண்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.)

விதி எளிது. 1-1, அதாவது முதல் உலகத்தின் முதல் கட்டம் மட்டும். தொடக்கத்திலிருந்து கொடிக்கம்பத்தைத் தொடும்வரை எத்தனை விநாடி என்று போன் ஸ்டொப்வொட்ச்சில் பார்ப்பது. ஒருவருக்கு இரண்டு வாய்ப்பு, நல்லது எதுவோ அது கணக்கு. பைப்புக்குள் இறங்கிக் குறுக்குவழி போகக் கூடாது. முதல் 8 பேர் இறுதிச் சுற்றுக்கு. பரிசு ஒரு பாடசாலைப் பை. இரண்டு மேசையிலும் ஓடுவது ஒரே கேம்தானா என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. பெயர் ஒன்று, தொப்பி வைத்த ஆள் ஒன்று, முதலில் வருகிற காளான் பூதம் ஒன்று, வேறென்ன பார்க்க?

போட்டி நாள்

34 பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள், ஒரு மேசைக்கு 17 பேர். காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் 3 மணிபோல முதற்சுற்று முடிந்தது. நான் கொப்பியில் பெயரும் விநாடியும் எழுதிக்கொண்டே வந்தேன். எந்த மேசை என்று எழுதவில்லை. பிறகு எல்லாம் சீட்டுத் துண்டுகளை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று, அது தனிக் கூத்து.

வரிசைப்படுத்தினால், முதல் 8 பேரும் குச்சி மேசைக்காரர்கள். முதலிடத்தில் 29 விநாடியோடு ஒரு பெண் பிள்ளை, எட்டாவது இடத்தில் 35 விநாடி. பெட்டி மேசையில் ஆடியவர்களில் ஒருவர்கூட உள்ளே இல்லை. இன்று யோசித்தால் அந்த ஒரு விஷயமே போதும். சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரண்டு கூட்டத்தில் ஒரு கூட்டமே மொத்தமாக விழுந்திருக்கிறது என்றால் பிள்ளைகளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்திருக்க வேண்டும். பாடசாலையில் ஒரு வகுப்பே கணக்கில் விழுந்தால் வினாத்தாளைத் திரும்பப் பார்க்கிறோம், இல்லையா. அன்றைக்குத் தோன்றவில்லை. பொங்கல் சாப்பாடு வேறு காத்திருந்தது.

பெட்டி மேசையில் முதலாவதாக வந்தவன் தரம் 8 படிக்கும் ஒரு பையன். 36 விநாடி. தோட்டத்தில் இந்த கேமில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன், கூடியிருந்த பாதிப் பேர் அவன்தான் ஜெயிப்பான் என்று நினைத்திருந்தார்கள். அவன் ஆடும்போது நானும் பார்த்தேன்: எங்கும் நிற்கவில்லை, பள்ளங்களை ஓட்டத்தை விடாமலே தாண்டினான், கொடிக்கம்பத்தில் உச்சியைப் பிடித்தான். கடிகாரத்தைப் பார்த்தால் 36. எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான், ஆனால் கடிகாரம் பொய் சொல்லாது என்று எழுதிவிட்டேன்.

முறைப்பாடும் நான் சொன்ன பதிலும்

பட்டியலை ஒட்டியதும் பையன் நேராக என்னிடம் வந்தான்.

"சேர், அந்தப் பெட்டி மெதுவா ஓடுது."

"எப்படிச் சொல்ற?"

"பாட்டே இழுத்துக்கிட்டுப் போகுது சேர். தலவாக்கலையில சித்தி போன்ல ஆடியிருக்கேன், அதுல இப்படி இல்ல."

இந்த ஒரு வரியில் முழு விடையும் இருந்தது. நான் காதில் போட்டுக்கொண்டு அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் ஒரு நிமிடம் கேட்டேன். பாட்டு எனக்குச் சரியாகத்தான் பட்டது. சின்ன வயதில் நான் கேட்ட அதே பாட்டு. (பிறகுதான் புரிந்தது: நான் சின்ன வயதில் கேட்டதும் இதே மாதிரியான பெட்டியில்தான்.) எல்லோருக்கும் ஒரே கேம்தான் தம்பி என்று சொல்லி அனுப்பினேன். அடுத்து அவனுடைய அப்பா வந்தார், ஸ்டோரில் வேலை, அதிகம் பேசாதவர். "மகன் பொய் சொல்ல மாட்டாங்க சேர், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவருக்கு நான் பதில் சொல்வதற்குள் மன்றத் தலைவர் முந்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்று சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். பையன் இறங்கிப் போய்விட்டான். அப்பா கொஞ்ச நேரம் நின்றார், அப்புறம் அவரும் போய்விட்டார்.

நான் சிரிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் தடுக்கவும் இல்லை.

4 மணிக்கு இறுதிச் சுற்று. தட்டை டிவியை நடுவில் வைத்து நாற்காலி போட்டாயிற்று. இரண்டு பிள்ளைகள் ஆடி முடித்ததும் மூடுபனியோடு மழை பிடித்துக்கொண்டது, நாலரை மணிக்குக் கரண்ட் போனது, ஆறு மணி வரை வரவே இல்லை. இறுதிச் சுற்றை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தோம். அன்று கரண்ட் போகாதிருந்தால் பரிசைக் கொடுத்து, கைதட்டி, விஷயத்தை மூடியிருப்போம். இந்தப் பதிவும் இருந்திருக்காது. எங்கள் புத்திசாலித்தனத்தால் எதுவும் திருந்தவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

சந்தேகம் எப்படி வந்தது

அன்று இரவு பையனின் தங்கை போனில் எடுத்த வீடியோ ஒன்று தோட்டத்து வாட்சப் குழுவில் வந்தது, அண்ணன் கொடியைப் பிடிக்கும் காட்சி. யாரோ அதன் கீழே 29 விநாடிப் பிள்ளையின் வீடியோவையும் போட்டிருந்தார்கள், கிண்டலுக்குத்தான். நான் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தபோது திரையின் வலது மேல் மூலையில் கண் போனது. அங்கே கேமின் சொந்தக் கடிகாரம் இருக்கிறது, 400இல் தொடங்கி இறங்கும், கொடியைத் தொட்டதும் நிற்கும். பெண் பிள்ளை கொடியைத் தொட்டபோது மீதி 327. பையன் தொட்டபோது மீதி 325.

என் ஸ்டொப்வொட்ச் கணக்கில் இருவருக்கும் வித்தியாசம் 7 விநாடி. கேமின் கணக்கில் வெறும் 2 புள்ளி. இரண்டில் ஒன்று தப்பு.

முதலில் எனக்கு வோல்டேஜ் மேல்தான் சந்தேகம். மாலையானால் எல்லா லயத்திலும் ரைஸ் குக்கரும் ஹீட்டரும் போட, பல்ப் மஞ்சளாகிவிடுவது இங்கே வழக்கம். பெட்டிக்குக் கரண்ட் பற்றவில்லை போல என்று நினைத்தேன். மறுநாள் காலை, ரேடியோ டிவி திருத்துகிற ஒரு பாஸ் மாமாவைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். 60 வயது தாண்டியவர், அட்டன் டவுனில் கடை வைத்திருந்தவர். அவர் மீட்டரை வைத்துப் பார்த்து, வோல்டேஜ் நன்றாக இருக்கிறது, இருந்தும் பெட்டி அதே மாதிரிதான் ஓடுகிறது என்றார். வோல்டேஜ் குறைந்தால் படம் ஆடும், இல்லாவிட்டால் பெட்டி நின்றுபோகும், மெதுவாக ஓடாது, உள்ளே துடிப்புக் கொடுப்பது கிரிஸ்டல் என்று சொல்லிக்கொடுத்தார். ஆக அந்த வழி மூடியது.

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். இரண்டு டிவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் 1-1ஐ ஒரே நேரத்தில் தொடங்கி, யாரும் எதையும் அமுக்காமல் மரியோவை நின்ற இடத்திலேயே நிற்கவிட்டோம். நின்றால் எதுவும் வராது, கடிகாரம் மட்டும் இறங்கும். குச்சியில் 400 என்பது 300 ஆக 40 விநாடி பிடித்தது. பெட்டியில் 48 விநாடி. மூன்று முறை செய்து பார்த்தோம், மூன்று முறையும் அதேதான். மாமா, "பையன் சொன்னது சரிதான் மாஸ்டர், அஞ்சுக்கு ஆறு" என்றார்.

என்ன நடந்திருக்கிறது

இதை விளக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் மற்றவர்களுக்கு உதவப்போவது இந்தப் பகுதிதான்.

சூப்பர் மரியோ பிரதர்ஸ் 1985 செப்டெம்பர் 13ஆம் திகதி ஜப்பானில் நிண்டெண்டோ கம்பனியின் ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டிக்காக வந்தது. 8 உலகம், ஒவ்வொன்றிலும் 4 கட்டம், மொத்தம் 32, எல்லாம் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம்; இன்றைக்குப் போனில் எடுக்கிற ஒரு படமே அதைவிடப் பல மடங்கு பெரிது. அவ்வளவு சின்ன இடத்தில் எழுதியவர்கள் நேரத்தைத் தனியாக அளக்கவில்லை. டிவி திரை ஒரு முறை புதுப்பிக்கப்படும்போது (அதுதான் ஒரு ஃபிரேம்) கேமும் ஓர் அடி நகரும், அவ்வளவுதான். மரியோவின் ஓட்டம், பூதங்களின் நடை, பாட்டு, மூலையிலிருக்கிற கடிகாரம், எல்லாமே திரையின் துடிப்பை எண்ணித்தான் நடக்கின்றன. ஜப்பானிய, அமெரிக்க டிவி விநாடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கும், கேம் அந்த 60ஐ நம்பி எழுதப்பட்டது. கடிகாரத்தின் ஒரு புள்ளி என்பது 24 ஃபிரேம். ஆகவே 100 புள்ளி 2400 ஃபிரேம், 60ஆல் வகுத்தால் 40 விநாடி.

இலங்கையில் டிவி வந்த நாளிலிருந்து பால் (PAL) முறை, குடிக்கிற பால் இல்லை, படம் அனுப்பும் முறை. அது விநாடிக்கு 50. எனவே நம் ஊருக்கு வந்த டிவி கேம் பெட்டிகளும் 50க்குச் செய்யப்பட்டவை. நிண்டெண்டோ தன் கேமை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனபோது அங்கேயும் இதே 50தான் என்பதால் வேகத்தைத் திருத்தி, பாட்டையும் சரிசெய்து வேறு பதிப்பாக விற்றது. நம் கைக்கு வந்த கேசட்டுகளை அடித்தவர்கள் அந்தச் சிரமமெல்லாம் பட்டுக்கொள்ளவில்லை. 60க்கு எழுதியதை அப்படியே 50 பெட்டியில் போட்டார்கள். அதே 2400 ஃபிரேம், 50ஆல் வகுத்தால் 48 விநாடி.

நான் ஏன் பாட்டைக் கேட்டும் பிடிக்கவில்லை என்பதற்கும் காரணம் இருந்தது. ஒலித்தட்டை மெதுவாகச் சுழற்றினால் குரல் தடித்துவிடும், உடனே காட்டிக்கொடுக்கும். இங்கே அப்படி இல்லை. இந்த வகைப் போலிப் பெட்டிகளின் சில்லு ஏறத்தாழ 1.77 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, அசல் ஜப்பானியப் பெட்டி 1.79. ஒலியின் சுருதி அந்தத் துடிப்பிலிருந்து வருகிறது, அதில் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அடுத்த சுரம் எப்போது என்பதை ஃபிரேம்தான் முடிவு செய்கிறது. சுருதி அப்படியே இருக்க, தாளம் மட்டும் இழுக்கிறது. பையன் தாளத்தைக் கேட்டான், நான் சுருதியைக் கேட்டேன். கோயிலில் தப்பு மேளம் அடிக்கிறவர்களோடு திரிகிற பையன் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

இதோடு முடிந்தால் பெட்டி மேசைக்காரர் எல்லோருடைய விநாடியையும் ஆறால் வகுத்து ஐந்தால் பெருக்கிவிட்டுப் போயிருக்கலாம். பையனின் 36, சரியாக 30 ஆகிவிடும், இரண்டாவது இடம். பெட்டி மேசையிலிருந்து இன்னும் இரண்டு பேர் எட்டுக்குள் வருவார்கள். ஆனால் தோண்டத் தோண்ட வேறு இரண்டு வந்தன.

ஒன்று, தட்டை டிவி. குச்சியில் ஆடிய பல பிள்ளைகள், பட்டனை அமுக்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் குதிக்கிறது என்று அன்றே சொல்லியிருந்தார்கள். தட்டை டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, பிறகுதான் காட்டுகிறது. குண்டு டிவியில் அந்தத் தாமதம் இல்லை. அதாவது குச்சி மேசை வேகமானது, ஆனால் கை பிந்தும். பெட்டி மேசை மெதுவானது, கைக்கு உடனே கேட்கும். இதை எந்த எண்ணால் பெருக்குவது?

இரண்டாவது இன்னும் மோசம். குச்சியின் பட்டியலில் மரியோ இரண்டு இடத்தில் இருந்திருக்கிறது. அதை இயக்கிய தம்பி காலையில் முதல் 6 பிள்ளைகளுக்குப் படம் பளிச்சென்று இருப்பதைப் போட்டிருக்கிறார், பிறகு யாரோ பழையதுதான் வேண்டும் என்று கேட்டதால் மாற்றியிருக்கிறார். பளிச்சென்று இருந்தது 1993இல் சூப்பர் ஃபேமிகாம் பெட்டிக்கு வந்த ஆல்-ஸ்டார்ஸ் தொகுப்பிலிருக்கும் மரியோ. கட்டங்கள் அதேதான். படம் புதிது, பாட்டு புதிது, அதோடு ஒரு சின்ன வித்தியாசம்: பழையதில் பெரிய மரியோ செங்கல்லை உடைத்தால் தலை இடித்த மாதிரி உடனே கீழே வருவார், இதில் உடைத்த பிறகும் மேலே போய்க்கொண்டே இருப்பார். வேகமாக ஓடும்போது அது கால் தடுக்கின மாதிரி. அந்த 6 பேரில் ஒரு பிள்ளை அன்றே, "செங்கல்லு உடைஞ்சா மேலேயே போறாரு" என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு மன்றத்துத் தம்பி ஒருவர், அப்படியென்றால் இந்த கேமுக்கு எத்தனை பதிப்புத்தான் இருக்கிறது என்று கேட்டார். நிறைய. 1986இலேயே காசு போட்டு ஆடுகிற பெட்டிக்கு, கட்டங்களைக் கடினமாக்கி ஒன்று வந்தது. அதே வருடம் ஜப்பானியக் கம்ப்யூட்டர்களுக்கு ஹட்சன் கம்பனி செய்ததில் திரை நகரவே நகராது, ஓரத்துக்குப் போனால் அடுத்த திரைக்குத் தாவும். 1999இல் கேம் பாய் கலரில் வந்ததில் திரை சிறிது என்பதால் முன்னால் வருவது பாதிதான் தெரியும். எல்லாவற்றின் அட்டையிலும் மரியோதான்.

எடுத்த முடிவும் காரணமும்

ஐந்து பேர் கூடினோம்: மன்றத் தலைவர், செயலாளர், குச்சித் தம்பி, பாஸ் மாமா, நான். பெருக்கிக் கணக்குப் பார்ப்பதை முதலிலேயே விட்டுவிட்டோம், மேலே சொன்ன காரணங்களால். எட்டுப் பேரோடு பெட்டி மேசையிலிருந்து மூன்று பேரைச் சேர்த்து 11 பேருக்கு இறுதிச் சுற்று வைக்கலாம் என்றார் செயலாளர், அது கொஞ்சம் இழுபட்டது. பெற்றோர் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பது அவர் வாதம். ஆனால் காலையில் ஆல்-ஸ்டார்ஸில் ஆடித் தோற்ற பிள்ளைகளுக்கு என்ன பதில்? அதனால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் முதலிலிருந்து, ஒரே மேசையில் ஆடுவது என்று முடிவு.

எந்த மேசை? தலைவர் குச்சிதான் என்றார், சரியான வேகம் அதுதானே என்று. நான் பெட்டிதான் என்றேன். போட்டிக்கு அசல் வேகம் தேவையில்லை, எல்லோருக்கும் ஒரே வேகம் இருந்தால் போதும். அதைவிட, அமுக்கினால் உடனே குதிக்க வேண்டும், தோற்றவன் டிவியைக் குறை சொல்லக் கூடாது. மாமா என் பக்கம் சாய்ந்ததால் பெட்டி. குச்சியில் பழகியவர்களுக்குத் தாளம் புதிது என்பதால் ஆளுக்கு மூன்று முறை பழகிப்பார்க்க விட்டோம். ஸ்டொப்வொட்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு, கொடியைத் தொடும்போது மூலையில் நிற்கிற எண்ணையே கணக்கெடுப்பது என்றும் முடிவு செய்தோம். அது 60இல் ஓடினாலும் 50இல் ஓடினாலும் அதே ஃபிரேமைத்தான் எண்ணுகிறது, என் கட்டைவிரல் பிந்துவதும் கணக்கில் வராது.

மன்றத் தலைவரிடம் இன்னொரு விஷயமும் பேசினேன், தனியாக. பழமொழியை எல்லோர் முன்னாலும் சொன்னோம், திருத்துவதையும் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று. அவர் பார்க்கலாம் என்றார்.

பிறகு நடந்தது

ஞாயிற்றுக்கிழமை 29 பேர் வந்தார்கள். மூன்று பேருக்கு ஆர்வம் போய்விட்டது. இரண்டு பேர் பொங்கல் முடிந்து கொழும்பில் இருக்கிற உறவினர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள், அதில் ஒருவன் முதல் நாள் எட்டுக்குள் இருந்தவன். அவனுடைய அம்மா என்னிடம் வந்து, ஒரு பிள்ளைக்கு நியாயம் செய்யப்போய் இன்னொரு பிள்ளைக்கு அநியாயம் செய்கிறீர்களே என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்டேன், அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

தொடங்கும் முன் இரண்டு டிவியையும் வைத்து, மரியோ நிற்கிற சோதனையை எல்லோர் முன்னாலும் ஒருமுறை செய்து காட்டினோம். குச்சியில் 300 வந்தபோது பெட்டியில் 317 இருந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். பெரியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பையனின் அப்பா முன் வரிசைக்கு நகர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

முதலிடம் அதே பெண் பிள்ளைக்குத்தான், மீதி 329. தட்டை டிவியிலிருந்து குண்டு டிவிக்கு மாறியதால் முதல் இரண்டு பழக்க ஆட்டத்திலும் முன்கூட்டியே குதித்துப் பள்ளத்தில் விழுந்தாள், மூன்றாவதில் கையைத் திருத்திக்கொண்டாள். எந்த மேசையில் விட்டாலும் அவள்தான் முதல் என்று இப்போது தோன்றுகிறது. பையன் முதல் வாய்ப்பில், முன்பு ஒருபோதும் விழாத பள்ளத்தில் விழுந்தான். அத்தனை பேர் பார்க்கிறார்கள், சின்னப் பிள்ளைதானே. இரண்டாவதில் 322, மூன்றாவது இடம். மனம் உடைந்திருப்பான் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் தெரியவில்லை.

நான்காம் இடத்துக்கு இரண்டு பேர் 318இல் சமம். கட்டம் முடிந்து அடுத்த திரை வரும்வரை எண்ணிப் பார்க்கலாமே என்று குச்சித் தம்பி கேட்டார். அது உதவாது. கோட்டைக்குள் போன பிறகு அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்று இந்த கேம் 21 ஃபிரேமுக்கு ஒருமுறைதான் பார்க்கும், அதற்குள் யார் கொஞ்சம் முந்தினாலும் ஒன்றாகத்தான் வெளியே விடும். திரும்ப ஆடவிட்டோம்.

மன்றத் தலைவர் பரிசளிப்பில், மேசையில் கோளாறு இருந்தது, மன்றத்தின் கவனக்குறைவு என்று சொன்னார். பழமொழியைப் பற்றி வாய் திறக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவர் பையனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் மாலு பணிஸ் வாங்கிக் கொடுத்ததைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அது போதாது என்று பட்டது. பையனின் அப்பாவிடம் சொன்னபோது, "விடுங்க சேர், அவர் இங்கதானே இருக்கணும், நாங்களும் இங்கதானே இருக்கணும்" என்றார்.

அடுத்த முறை என்ன மாற்றுவோம்

ஒரே பெட்டி, ஒரே டிவி. இது பேச்சுக்கே இடமில்லை. நேரம் போனால் போகட்டும், இரண்டு நாள் வைக்கலாம். இரண்டு பெட்டி வைத்தே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு பிள்ளையும் இரண்டிலும் ஆட வேண்டும்.

காலையில் தொடங்கும் முன் அந்த நிற்கிற சோதனை. 400 என்பது 300 ஆக 40 விநாடி என்றால் 60, 48 என்றால் 50. ஒரு நிமிட வேலை, யாருக்கும் தொழில்நுட்பம் தெரிய வேண்டியதில்லை. குச்சி மாதிரிக் கருவி என்றால் எந்தப் பதிப்பு என்று ஒருவர் பார்த்து எழுதி, நாள் முழுக்க அதையே வைத்திருக்க வேண்டும். படம் அழகாக இருக்கிறது என்று நடுவில் மாற்றக் கூடாது.

முறைப்பாட்டைக் கேட்பதற்கு, போட்டி நடத்தாத ஒருவர் வேண்டும். நான் ஸ்டொப்வொட்ச்சைப் பிடித்துக்கொண்டே என் ஸ்டொப்வொட்ச் மேல் வந்த முறைப்பாட்டுக்கும் தீர்ப்புச் சொன்னேன். அடுத்த முறைக்குப் பாஸ் மாமா ஒத்துக்கொண்டிருக்கிறார், சாப்பாட்டுக்கு முன் யாரும் முறைப்பாடு கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனையோடு.

கொப்பியையும் மாற்றியாயிற்று. பெயர், எந்தப் பெட்டி, எந்தப் பதிப்பு, மீதி எண், வீடியோ இருக்கிறதா, பிள்ளை ஏதாவது சொன்னதா என்று கோடு போட்டிருக்கிறேன். பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது பையன் வந்து, அன்றைக்கு 36 என்று எழுதியதை வெட்டிவிட்டு 325 என்று எழுத முடியுமா என்று கேட்டான். ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். அவன் தங்கையைக் கூப்பிட்டு அதையும் போனில் படம் எடுக்கச் சொன்னான்.